நோட்டரிக்கு விண்ணப்பிப்பது எப்படி, அந்த வேலையை யார் கற்றுத் தருவது?

வக்கீல் தொழிலில் ஏழெட்டு வருடம் ஓடிவிட்டால் பலருக்கும் ஒரு எண்ணம் வரும், நோட்டரிக்குப் போடலாமா என்று. எத்தனை வருட பிராக்டிஸ் வேண்டும், யார் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், மாநில அரசுக்குப் போடுவதா மத்திய அரசுக்குப் போடுவதா, இதெல்லாம் பார் ரூமில் நாலு பேரிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். அந்த வேலையை எங்கே கற்றுக்கொள்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் நோட்டரி வேலைக்கென்று ஒரு கட்டாயப் பயிற்சியோ எழுத்துத் தேர்வோ நம் விதிகளில் கிடையாது. பத்து வருடம் ஜாமீன் மனு மட்டுமே போட்டுக்கொண்டிருந்தவரும் நோட்டரி ஆகலாம், சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே வெளிநாட்டுக்குப் போகிற பவர் பத்திரத்தில் சீல் வைக்கலாம்.

விண்ணப்பிக்கிற வழியை வரிசையாகச் சொல்கிறேன், விதி எந்த இடத்தில் மாற வேண்டும் என்று நினைக்கிறேனோ அதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பிராக்டிஸ் செய்கிற ஜூனியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், சட்டம் மத்திய சட்டம் என்பதால் புதுச்சேரி, பெங்களூரு நண்பர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். இலங்கையில் இருந்து படிப்பவர்கள் கவனிக்க: உங்கள் ஊர் பிரசித்த நொத்தாரிசு காணி உறுதியையே எழுதி அத்தாட்சிப்படுத்துகிறவர், அவருக்கான சட்டம் வேறு, இதைப் பார்த்து அங்கே எதுவும் செய்ய வேண்டாம்.

முதலில் சட்டத்தையும் விதிகளையும் முழுசாகப் படியுங்கள்

1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் மொத்தமே பதினாறு பிரிவுகள்தான். நடைமுறைக்கு வந்தது 1956 பிப்ரவரி 14. அதே ஆண்டில் விதிகளும் வந்தன. இரண்டையும் சேர்த்து ஒரு மாலை நேரத்தில் படித்து முடித்துவிடலாம், ஆனால் பத்து வருடமாக நோட்டரியாக இருப்பவர்களில்கூட விதிகளை முழுசாகப் படிக்காதவர்கள் உண்டு, அது நமக்கு வேண்டாம்.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். அதற்கு முன்பு இந்தியாவில் பொதுவான நோட்டரி வேலைகளைச் செய்தவர்கள் இங்கிலாந்தில் இருக்கிற மாஸ்டர் ஆஃப் ஃபேக்கல்டீஸ் என்கிற அதிகாரியால் நியமிக்கப்பட்டவர்கள். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் கீழ் நம் அரசு நோட்டரியை நியமிக்க முடிந்தது, ஆனால் அந்தச் சட்டத்துக்குள் வருகிற வேலைகளுக்கு மட்டும், அதாவது உண்டியல் (இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று எழுதுகிற வணிகச் சீட்டு), பிராமிசரி நோட்டு (பணம் தருகிறேன் என்று எழுதுகிற கடன் சீட்டு) மாதிரியானவற்றுக்கு. சுதந்திர நாட்டில் ஒரு ஆவணத்துக்கு அத்தாட்சி கொடுக்கிற ஆளை லண்டனில் இருந்து நியமிப்பது சரியில்லை என்றுதான் 1952இல் நியமிக்கிற முறையையே மாற்றினார்கள். இன்றைக்கும் விதி 3ஐத் திறந்தால் முதல் தகுதியாக அந்தப் பழைய மாஸ்டர் ஆஃப் ஃபேக்கல்டீஸ் நோட்டரிகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட இன்று தொழிலில் இருக்க வாய்ப்பில்லை, வரி மட்டும் அப்படியே நிற்கிறது.

பிரிவு 8ஐ இரண்டு தடவை படியுங்கள். நோட்டரி என்றால் அபிடவிட்டுக்குச் சீல் குத்துகிறவர் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். சட்டம் சொல்வது அதைவிடப் பெரிது: ஆவணம் எழுதிக்கொடுத்ததைச் சரிபார்த்து அத்தாட்சி செய்வது, சத்தியப் பிரமாணம் செய்துவைப்பது, உண்டியலும் பிராமிசரி நோட்டும் பணமாகாமல் திரும்பினால் அதைப் பதிந்து புரோட்டெஸ்ட், அதாவது அதற்கான சான்று, எழுதுவது, கப்பல் புரோட்டெஸ்ட் (பயணத்தில் நேர்ந்த சேதம் பற்றிக் கேப்டன் தருகிற வாக்குமூலம்) எழுதுவது, சார்ட்டர் பார்ட்டி (கப்பலை வாடகைக்கு எடுக்கிற ஒப்பந்தம்) போன்ற வணிக ஆவணங்களைத் தயாரிப்பது, வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டிய ஆவணங்களைத் தயாரிப்பது, மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதும். 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வழக்கில் சாட்சியம் பதிகிற கமிஷனராக இருப்பது, நடுவராகவும் சமரசம் செய்பவராகவும் இருப்பது எல்லாம் சேர்ந்தன. சென்னையிலோ தூத்துக்குடியிலோ துறைமுகம் பக்கம் ஆபீஸ் போடுகிற எண்ணம் இருந்தால் கப்பல் புரோட்டெஸ்ட் உங்களுக்கு வெறும் பாடப்புத்தக வார்த்தை இல்லை, ஒரு கேப்டன் புயலில் சரக்கு நனைந்துவிட்டது என்று ஓடிவந்து நிற்பார், அப்போது எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

தகுதி: வருடத்தை எண்ணுவது

பொதுப் பிரிவு ஆண் வக்கீலுக்குக் குறைந்தது பத்து வருட பிராக்டிஸ். பெண் வக்கீல்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் ஏழு வருடம். நீதித்துறைப் பணியில் பத்து வருடம் இருந்தவர்கள், வக்கீலாகப் பதிவு செய்த பிறகு சட்ட அறிவு தேவைப்படும் அரசுப் பதவியில் அதே அளவு காலம் இருந்தவர்கள், ராணுவத்தின் ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் துறையில் இருந்தவர்கள், இந்தியச் சட்டப் பணியில் இருப்பவர்கள், இவர்களுக்கும் வழி உண்டு.

என்ரோல்மென்ட் தேதியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். கேட்பது பிராக்டிஸ் செய்த வருடங்கள். நடுவில் கம்பெனியில் சம்பளத்துக்குப் போய் சன்னத்தை (வக்கீல் தொழில் செய்வதற்கான பதிவை) நிறுத்தி வைத்திருந்தால் அந்தக் காலத்தைக் கழியுங்கள். அகில இந்திய பார் தேர்வு பாஸ் செய்ய வேண்டிய தொகுதியில் வந்தவர்கள் அந்தச் சான்றிதழையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழ் காட்டி ஏழு வருடத்தில் விண்ணப்பிப்பவர்கள், மத்திய அரசுக்குப் போடுகிறீர்களா மாநில அரசுக்குப் போடுகிறீர்களா என்று பார்த்து அதற்கேற்ற படிவத்தில் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசுக்கு அலைந்தால் வேலை நடக்காது.

ஏழு வருடச் சலுகை சரியான சலுகை, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. கிராமத்துப் பெண் ஒருத்தி வாரிசு அபிடவிட்டில் கையெழுத்துப் போட ஒரு பெண் நோட்டரியிடம் வந்து உட்காரும்போது கேட்க வேண்டியதைத் தயக்கமில்லாமல் கேட்பதைக் கண்ணால் பார்க்கலாம். என் வருத்தம் வேறு. பத்தோ ஏழோ, வருடம் என்பது ஒரு ஆள் எத்தனை காலம் கருப்புக் கோட்டுப் போட்டார் என்பதை மட்டும் சொல்லும், அவருக்கு ஆவணம் தெரியுமா என்பதைச் சொல்லாது.

மத்திய அரசா, மாநில அரசா

பிரிவு 3 இரண்டு அரசுகளுக்கும் அதிகாரம் கொடுக்கிறது. மத்திய அரசு இந்தியா முழுதுக்குமோ ஒரு பகுதிக்கோ நியமிக்கலாம், மாநில அரசு மாநிலம் முழுதுக்குமோ ஒரு பகுதிக்கோ நியமிக்கலாம். மத்திய அரசு 2024 செப்டம்பரில் நோட்டரி போர்ட்டலைத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் சான்றிதழ், புதுப்பித்தல் வேலைகள் ஆன்லைனுக்கு மாறிவருகின்றன, டிஜிட்டல் கையெழுத்தோடு சான்றிதழ் வருகிறது. மாநில அரசின் பக்கம் சட்டத் துறை பார்க்கிறது. அறிவிப்பு வரும்போது அதில் எந்த அதிகாரியிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறதோ அவரிடம்தான் கொடுக்க வேண்டும், போன தடவை வாங்கினாரே என்று பழைய அலுவலகத்தில் போய் நிற்காதீர்கள்.

ஒவ்வொரு மாநிலத்திலும் எத்தனை நோட்டரிகள் இருக்கலாம் என்பதற்கு விதிகளின் அட்டவணையில் உச்சவரம்பு உண்டு. 2025 அக்டோபரில் வந்த திருத்தத்தில் தமிழ்நாடு அரசு நியமிக்கக்கூடிய எண்ணிக்கை 2,500இல் இருந்து 3,500 ஆனது. குஜராத்துக்கு 2,900இல் இருந்து 6,000, ராஜஸ்தானுக்கு 2,000இல் இருந்து 3,000, நாகாலாந்துக்கு 200இல் இருந்து 400. மக்கள்தொகையும் மாவட்டங்களும் தாலுகாக்களும் கூடிவிட்டன என்று மாநிலங்கள் கேட்டதன் பேரில் செய்தார்கள். விண்ணப்பிப்பவர்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் கூடுதலாக வந்த ஆயிரம் இடத்தில் எத்தனை எந்தத் தாலுகாவுக்கு என்று அட்டவணை பிரித்துச் சொல்லவில்லை, அது மாநிலம் முழுதுக்குமான ஒரே எண். கலெக்டர் ஆபீஸ் வாசலில் பத்து நோட்டரி மேசை வரிசையாக இருக்க, மலையடிவாரத் தாலுகாவில் ஒரு அபிடவிட்டுக்குப் பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்கு வர வேண்டியிருப்பது இந்த எண்ணைக் கூட்டுவதால் மட்டும் தீராது. பிரான்சில் 2015இல் சட்டம் கொண்டுவந்தபோது, எந்தப் பகுதிக்கு எத்தனை புது நோட்டரி அலுவலகம் தேவை என்று வரைபடமே போட்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அதைத் திருத்துவது என்று ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் நோட்டரி நம் நோட்டரி மாதிரி இல்லை, அதிகாரம் ரொம்பப் பெரிது, அதை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. தேவை எங்கே என்று பார்த்து இடம் ஒதுக்குவதை நாமும் செய்யலாம்.

அதனால் விண்ணப்பிக்கும் முன் நீங்களே அந்தக் கணக்கைப் போடுங்கள். பிரிவு 6இன்படி ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் நோட்டரிகள் பட்டியலை அரசிதழில் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலை எடுத்து உங்கள் தாலுகாவில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் உண்மையிலேயே உட்காருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சார்பதிவாளர் அலுவலகம், வங்கிக் கிளைகள், தொழிற்பேட்டை எது எது இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது எதற்கு என்று கொஞ்சம் கீழே தெரியும்.

மெமோரியலும் ஐந்து கையெழுத்துகளும்

விண்ணப்பத்துக்கு விதிகளில் மெமோரியல் என்று பெயர், வக்கீல்களுக்குப் படிவம் 2. இதில் உங்கள் கையெழுத்தோடு மேலொப்பமும் வேண்டும்: ஒரு மாஜிஸ்திரேட், ஒரு தேசியமய வங்கியின் மேலாளர், ஒரு வணிகர், நீங்கள் தொழில் செய்யப்போகும் பகுதியின் முக்கியப் பிரமுகர்கள் இரண்டு பேர்.

நடைமுறையில் வங்கி மேலாளர் கையெழுத்துதான் இழுக்கும், ஏனென்றால் அவர் அடிக்கடி மாற்றலாகிப் போய்விடுவார், புதிதாக வந்தவருக்கு உங்களைத் தெரியாது, தெரியாத ஆளுக்குக் கையெழுத்துப் போடத் தயங்குவதில் தப்பும் இல்லை. அதனால் கணக்கு வைத்திருக்கிற கிளையில் அறிவிப்பு வருவதற்கு முன்பே முகம் காட்டி வையுங்கள். கையெழுத்துக் கிடைக்கவில்லை என்று தெரியாத ஒருவரிடம் ஆள் பிடித்து வாங்கிவிடாதீர்கள். நாளைக்கு நீங்களே, எனக்குத் தெரியாத ஆளுக்கு அத்தாட்சி கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டிய நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள்.

இந்த ஐந்து கையெழுத்து ஏற்பாட்டை நான் மதிக்கிறேன், ஊரும் வணிகமும் நீதிமன்றமும் ஒரு ஆளை நம்புகின்றனவா என்று பார்க்கிற ஏற்பாடு அது. ஆனால் நன்னடத்தைக்கு ஐந்து பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்று வைத்தவர்கள் திறமைக்கு ஒருவரையும் கேட்கவில்லையே. ஒரு நோட்டரியிடம் ஆறு மாதம் கூட இருந்து வேலை பார்த்தேன் என்று அந்த நோட்டரி கையெழுத்திட்ட ஒரு சான்று ஆறாவதாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஒன்று கவனம். ஏற்கெனவே விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டு ஆறு மாதம் ஆகவில்லை என்றால் மறுபடி போட்டதை அந்தக் காரணத்துக்காகவே தள்ளிவிடலாம். அவசரப்பட்டுக் குறையோடு போடுவதைவிட ஒரு மாதம் தாமதமாக முழுசாகப் போடுவது மேல்.

விதி 7 கேட்கிற கேள்விகள்

விண்ணப்பம் முதல் பார்வையில் தேறிவிட்டால், உங்கள் பகுதியின் வழக்கறிஞர் சங்கம் போன்ற அமைப்புகளிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். பிறகு பரிந்துரை. அந்தப் பரிந்துரை எழுதும்போது அதிகாரி எதை எதைப் பார்க்க வேண்டும் என்று விதி 7 தெளிவாகச் சொல்கிறது. விண்ணப்பதாரர் வழக்கமாக அந்தப் பகுதியில் வசிப்பவரா? அந்தப் பகுதியின் வணிக முக்கியத்துவத்தையும் ஏற்கெனவே இருக்கிற நோட்டரிகளின் எண்ணிக்கையையும் பார்த்தால் இன்னொருவர் தேவையா? வணிகச் சட்டத்தில் அவருக்கு இருக்கிற அறிவு, அனுபவம், பிராக்டிஸின் அளவு, வந்த ஆட்சேபங்கள் எல்லாம் பார்த்து அவர் தகுந்தவரா? ஒரே வக்கீல் நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்றால் அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே எத்தனை நோட்டரிகள்? வேறு விண்ணப்பங்கள் நிலுவையில் இருந்தால் அவர்களைவிட இவர் பொருத்தமானவரா?

இப்போது புரிகிறதா, தாலுகா கணக்கை ஏன் எழுதச் சொன்னேன் என்று? அந்தத் தாளை ஒரு பக்கக் குறிப்பாக்கி மெமோரியலோடு இணையுங்கள். நேர்காணலில் கேட்டால் சொல்லவும் ஆகும். வணிகச் சட்ட அனுபவம் என்கிற இடத்தில் 'பத்து வருட அனுபவம்' என்று ஒரு வரி எழுதி விடாதீர்கள். எத்தனை செக் வழக்கு, எத்தனை கூட்டுத் தொழில் ஒப்பந்தம், வங்கிக்குச் சட்டக் கருத்து கொடுத்தது, குத்தகைப் பத்திரம் எழுதியது என்று வகை வகையாக எழுதுங்கள். எழுத உட்காரும்போது கை நின்றுவிட்டால், அந்த வேலையில் அனுபவம் போதவில்லை என்று அர்த்தம், விண்ணப்பத்தை ஒரு வருடம் தள்ளிப் போட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கம்தான் வரும். அறிவையும் தேவையையும் பார் என்று 1956இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் குவிகிற இடத்தில் ஒவ்வொருவரின் அறிவையும் சில நிமிட நேர்காணலில் எப்படிப் பார்ப்பது? வருடத்தை எண்ணுவதுதான் சுலபம். ஒரு எழுத்துத் தேர்வு இருந்தால் அந்தச் சுமையும் குறையும், யாருடைய சிபாரிசும் வேண்டியிருக்காது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் நோட்டரி ஆக வக்கீலாகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் தடவை ஆறு மணி நேரப் பயிற்சி வகுப்பு, எழுத்துத் தேர்வு, 15,000 டாலருக்குப் பிணைப் பத்திரம், இத்தனையும் வேண்டும். பதவி நான்கு வருடம்தான், மறுபடி வேண்டுமென்றால் மறுபடி தேர்வு. அங்கே நோட்டரியின் அதிகாரம் நம் நோட்டரியைவிடக் குறைவு. குறைந்த அதிகாரம் உள்ளவருக்குத் தேர்வு இருக்கிறது, கப்பல் புரோட்டெஸ்ட் முதல் சாட்சியம் பதிவது வரை செய்யக்கூடிய நம் நோட்டரிக்கு இல்லை.

வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள், யாரும் கேட்காவிட்டாலும்

விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிற காலத்தை வீணாக்காதீர்கள். உங்கள் ஊரில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரு சீனியர் நோட்டரி இருப்பார், ரிஜிஸ்டரைத் தானே எழுதுகிறவர், ஆள் வராமல் சீல் வைக்காதவர். அவரிடம் போய் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து பார்க்கிறேன் சார் என்று கேளுங்கள், மறுக்க மாட்டார்.

அவர் மேசையில் என்ன நடக்கும் என்று ஒன்று சொல்கிறேன். ஒரு பையன் வருகிறான், கல்விக் கடனுக்கு அப்பாவின் அபிடவிட், டைப் அடித்து, அப்பா கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்துவிட்டான், சீல் மட்டும் வேண்டும், வங்கியில் மூன்று மணிக்குள் கேட்கிறார்கள். அப்பா எங்கே? வயலில் இருக்கிறார், நடக்க முடியாது. பையன் பொய் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சீனியர் என்ன செய்வார்? கையெழுத்து ஏற்கெனவே போட்டு வந்த அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு அப்பாவைக் கூட்டி வா, முடியாதென்றால் நான் வருகிறேன், விதியில் போக்குவரத்துச் செலவுக்கு இடமிருக்கிறது என்பார். அப்பா எதிரே வந்ததும், இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்று கேட்டுத் தமிழில் வாசித்துக் காட்டுவார், உண்மை என்று சத்தியம் வாங்குவார், அடையாள அட்டையைப் பார்ப்பார், அப்புறம்தான் தன் கண்முன் கையெழுத்து. பிரமாணம் செய்து வைத்தேன் என்று நோட்டரி எழுதுவது அந்த இரண்டு நிமிடத்தைத்தான். அந்த இரண்டு நிமிடம் நடக்கவில்லை என்றால் அந்தத் தாளில் இருக்கிற சீலுக்கு அர்த்தமில்லை.

அடுத்து ரிஜிஸ்டர். படிவம் 15. வரிசை எண், தேதி, என்ன வேலை, யார், முகவரி, ஆவணத்தின் விவரம், வாங்கின கட்டணம், வந்தவரின் கையெழுத்து, உங்கள் கையெழுத்து. ஒரு வரி முடிந்தால் அடுத்த வரி, நடுவில் இடம் விடக் கூடாது. சிலர் ஒவ்வொரு நாள் முடிவிலும் இரண்டு மூன்று வரி காலியாக விடுவதைப் பார்க்கலாம். அது எதற்கு என்று வக்கீலுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முன் தேதி போட்டு ஒரு ஒப்பந்தம் வேண்டும் என்று யாராவது வந்தால் நுழைக்க. நீங்கள் உட்காருகிற இடத்தில் அப்படி ஒரு காலி வரி இருந்தால், அடுத்த சனிக்கிழமை வேறு இடம் தேடுங்கள்.

மறுக்கக் கற்றுக்கொள்வதுதான் பாதி வேலை. கோடிட்ட இடங்கள் நிரப்பாத ஆவணம், ஒரிஜினல் இல்லாமல் உண்மை நகல், வீடு விற்பதை நோட்டரி ஒப்பந்தத்திலேயே முடித்துவிடலாம் என்று வருபவர்கள் (பதிவு செய்யாமல் சொத்து கைமாறாது என்று அங்கேயே சொல்லி அனுப்புங்கள், பாவம், பல பேர் சேமிப்பு முழுதையும் இப்படித்தான் இழக்கிறார்கள்), நோட்டரி முன்னால் திருமணம், நோட்டரி முன்னால் விவாகரத்து. கடைசி இரண்டும் நோட்டரிக்கு அதிகாரமே இல்லாத வேலை என்று மத்திய சட்டத் துறை 2024 அக்டோபரில் எழுத்து மூலமாக நினைவூட்ட வேண்டி வந்தது. நினைவூட்ட வேண்டிய நிலை ஏன் வந்தது? உள்ளே வரும்போதே சொல்லித் தந்திருந்தால் வந்திருக்காது.

பவர் பத்திரத்துக்குத் தனிக் கவனம். நோட்டரி முன் எழுதிக்கொடுத்து அவர் அத்தாட்சி செய்த பவர் பத்திரம் முறையாக எழுதிக்கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும், பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 85, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் பிரிவு 84. அந்த அனுமானம் நிற்பது உங்கள் கையெழுத்தின் மேல். அதை உடைக்க வேண்டிய பாரம் ஏமாந்துபோன ஆளின் தலையில் விழும், வயதான அம்மா ஒருவர் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும்.

சான்றிதழ் வந்த பிறகு

சான்றிதழ் ஐந்து வருடத்துக்கு. முன்பு மூன்று வருடம், 1999 திருத்தத்தில் ஐந்தானது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டும், போனில் நினைவூட்டல் போட்டு வையுங்கள், ஏனென்றால் சான்றிதழ் இல்லாத நாளில் செய்த வேலை பிரிவு 9இல் போய் மாட்டும். சீல் வட்டமாக, 5 சென்டிமீட்டர் விட்டம், உங்கள் பெயர், பகுதி, நோட்டரி என்ற சொல், நியமித்த அரசின் பெயர். கட்டணப் பட்டியலை அறைக்கு உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படுகிற மாதிரி மாட்ட வேண்டும், வாங்குகிற பணத்துக்கு ரசீது தர வேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் வருடாந்தர அறிக்கை, படிவம் 14. ஆபீஸ் சான்றிதழில் சொன்ன பகுதிக்குள்தான் இருக்க வேண்டும். தவறு நடந்தால் விதி 13இன் கீழ் விசாரணை, பிரிவு 10இன் கீழ் பெயர் நீக்கம்.

எதை மாற்ற வேண்டும், எப்படிக் கேட்பது

2021 டிசம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த மசோதா வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. இப்போது புதுப்பித்துக்கொண்டே போகலாம், கணக்கில்லை. அதை மாற்றி முதல் ஐந்து வருடம், பிறகு இரண்டு புதுப்பித்தல், ஆக மொத்தம் பதினைந்து வருடத்தோடு போதும் என்பது அதன் முக்கியமான யோசனை. இளம் வக்கீல்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும் என்று காரணம் சொன்னார்கள். புகார் வந்தால் சான்றிதழைச் சில காலம் நிறுத்தி வைக்கிற அதிகாரம், பதிவுகளை டிஜிட்டலாக்குவது இவையும் அதில் இருந்தன. அது சட்டமாகவில்லை.

நிறுத்தி வைக்கிற அதிகாரம் அவசியம் வேண்டும். பதினைந்து வருட வரம்பு பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. இடம் காலியாகும், உண்மைதான், ஆனால் காலியான இடத்துக்கு வருகிறவரும் அதே வாசல் வழியாக, வருடத்தை மட்டும் எண்ணித்தான் வருவார். முப்பது வருடமாக ஒரு காலி வரி விடாமல் ரிஜிஸ்டர் எழுதியவரை அனுப்பிவிட்டு, ஒன்றுமே கற்றுத்தரப்படாத ஒருவரை உட்கார வைப்பதால் ஊருக்கு என்ன லாபம்? போகிறவரின் பழைய ரிஜிஸ்டர்கள் யார் பொறுப்பில் இருக்கும், பத்து வருடம் கழித்து ஒரு வழக்குக்கு வேண்டுமென்றால் எங்கே போய்க் கேட்பது என்பதையும் வரம்பு கொண்டுவருபவர்கள் தெளிவாக எழுதியாக வேண்டும்.

என் கோரிக்கை இது: நியமனத்துக்கு முன் ஒரு எழுத்துத் தேர்வு, ஒரு நோட்டரியிடம் ஆறு மாதப் பயிற்சி, தாலுகா வாரியாக இட ஒதுக்கீடு. பலருக்குத் தெரியாத விஷயம், தேர்வுக்கும் பயிற்சிக்கும் பாராளுமன்றத்தில் சட்டத் திருத்தமே வேண்டாம். பிரிவு 3, 'விதிக்கப்படும் தகுதிகள்' உள்ளவரை நியமிக்கலாம் என்றுதான் சொல்கிறது, தகுதி என்ன என்பதை விதிக்கு விட்டுவிட்டது. பிரிவு 15 இன்னும் தெளிவு: நோட்டரியின் தகுதிகள் பற்றியும், விண்ணப்பதாரர் தன் நடத்தை, நேர்மை, ஆற்றல், திறமை ஆகியவற்றுக்குக் காட்ட வேண்டிய சான்றுகள் பற்றியும் மத்திய அரசு விதி செய்யலாம். திறமை என்கிற வார்த்தை சட்டத்திலேயே இருக்கிறது! உச்சவரம்பு எண்ணை அரசிதழ் அறிவிப்பில் மாற்றியதைப் போல இதையும் மாற்றலாம். பதினைந்து வருட வரம்பு அப்படியில்லை, புதுப்பித்தல் சட்டத்தின் பிரிவு 5இலேயே இருப்பதால் அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும்.

விதி செய்கிற அதிகாரம் மத்திய அரசிடம் இருப்பதால் கடிதம் டில்லிக்கு, மத்திய சட்ட அமைச்சகத்தின் சட்ட விவகாரத் துறைக்குப் போக வேண்டும். மாநிலச் சட்டத் துறைக்கு ஒரு நகல் அனுப்புங்கள், 2025இல் எண்ணிக்கை கூடியதே மாநிலங்கள் கேட்டதால்தான். வரைவு ஒன்று மறுபடி வந்தால் தேதியைப் பாருங்கள். சட்ட வரைவுகளைக் குறைந்தது முப்பது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்திருக்கிறது, குறைவாகக் கொடுத்திருந்தால் அதைச் சொல்லிக் கூடுதல் அவகாசம் கேளுங்கள்.

கடிதத்தில் பொதுவாகப் புலம்ப வேண்டாம், படிக்கிற அதிகாரிக்கு அது உதவாது. எந்த விதி, இப்போது என்ன சொல்கிறது, அதற்குப் பதிலாக என்ன வாசகம் வேண்டும், ஏன் வேண்டும், இந்த நான்கையும் இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். விதி 3க்கு நான் எழுதுவதாக இருந்தால், 'ஒரு நோட்டரியின் கீழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் பயிற்சி பெற்று, இதற்கென நடத்தப்படும் எழுத்துத் தேர்வில் தேர்ச்சி பெற்றவராக இருத்தல் வேண்டும்' என்கிற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வேன். உங்கள் தாலுகா கணக்குத் தாள் இருக்கிறதே, அதையும் இணையுங்கள், அந்த மாதிரிக் கணக்கு டில்லியில் யாரிடமும் இருக்காது. தனியாக அனுப்புவதோடு உங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் தீர்மானமாகவும் போடப் பாருங்கள். நியமனத்துக்கு ஆட்சேபம் உண்டா என்று விதிப்படியே கேட்கப்படுகிற அமைப்பு அது, அதன் லெட்டர் பேடில் போகிற கடிதத்துக்குத் தனி எடை உண்டு. பொதுக்குழு கூடுவதற்கு முன்பே செயலாளரிடம் சொல்லி அஜெண்டாவில் சேர்த்துவிடுங்கள்.